அனுப்பி வச்சாச்சு

2021 மே மாதம், துறைமுகத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிக்கொண்டிருந்த நல்லமுத்து பக்கவாதம் வந்து விழுந்தார். அந்த மாதமே அவர் மனைவி தனலெட்சுமி தொழிற்சாலை வேலையை விட்டாள். அன்றிலிருந்து பாயான் பாருவிலுள்ள அடுக்குமாடி வீட்டைவிட்டு அவள் இறங்குவது காய்கறி வாங்கப் பசாருக்கும் மருந்துக்கும்தான்.

ஆளை எப்படிப் புரட்டிப் படுக்க வைப்பது என்று ஆஸ்பத்திரியில் அவசரமாகக் காட்டினார்கள். வீடு வந்ததும் மறந்துபோனது. மீண்டும் கற்றுக்கொடுத்தவள் யூடியூபில் வரும் ஸ்டெஃபனி. கடல் பாலத்துக்கு அக்கரையில், புக்கிட் மெர்தாஜாமில் படுத்த படுக்கையாகக் கிடந்த தாயைக் கவனித்துக்கொண்டே வீடியோ போட்டவள். புரையேறாமல் கஞ்சி ஊட்டுவதையும் முதுகுப் புண்ணைக் கழுவுவதையும் காட்டுவாள். ஆத்திரம் வந்தால் குளியலறைக்குள் போய்க் கத்துவதைக்கூட மறைக்கமாட்டாள். கஞ்சி நேரத்தில் தனலெட்சுமியும் நல்லமுத்துவும் சேர்ந்துதான் பார்ப்பார்கள். அவருக்குப் பேச்சு பாதி போய்விட்டது. காதில் பழுதில்லை.

இந்த வாரத் தொடக்கத்தில் ஸ்டெஃபனி கறுப்புச் சட்டையில் வந்தாள். பின்னால் கட்டில் காலி.

"அம்மாவ அனுப்பி வச்சாச்சு. இனிமே வீடியோ இல்ல. மன்னிச்சிருங்க."

அவ்வளவுதான். அனுப்பி வைத்தாகிவிட்டது என்றால் தமிழர் வீட்டில் ஒரே அர்த்தம்தான். தனலெட்சுமிக்கு அழுகைக்கு முன்னால் பொறாமை வந்தது. இவளுக்கு முடிந்துவிட்டதே! நினைத்த மறுகணம் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். 'கடைசி வரைக்கும் பாத்துக்கிட்டீங்க, உங்களுக்குப் புண்ணியம்' என்று வீடியோவின் கீழே எழுதினாள். ஏற்கெனவே ஊரே அப்படித்தான் எழுதியிருந்தது.

"அந்தம்மா தவறிட்டாங்க" என்றாள் கணவரிடம். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

மறுநாள் ஒரு சின்ன வீடியோ வந்தது. "அம்மா சாகலீங்க. ஆர்ஐபி போடாதீங்க, பிளீஸ். முதியோர் ஹோம்ல சேத்திருக்கேன். என்னால முடியல." முந்தின நாள் புண்ணியம் சொன்னவர்களே இப்போது பாவி என்று எழுதிக்கொண்டிருந்தார்கள்.

தனலெட்சுமிக்குத் தன்னை ஏமாற்றிவிட்டாள் என்று கோபம் வந்தது. கோபத்துக்கு அடியில் ஏதோ ஒரு கதவு திறந்தது போலவும் இருந்தது.

அதற்குள் நாத்தனார் லோகேஸ்வரி கூப்பிட்டாள். கையில் கஞ்சிக் கிண்ணம் இருந்ததால் தனலெட்சுமி ஸ்பீக்கரில் போட்டாள்.

"அண்ணி, உங்க யூடியூப் வாத்தியார் அம்மாவ தள்ளி விட்டுட்டாளாமே! கேமராவுல அழுதா ஆச்சா? எங்கண்ணனுக்கு அந்தப் பயம் இல்லலா, நீங்க இருக்கீங்க."

"அப்ப வாரத்துல ஒரு நாள் நீ வந்து பாத்துக்கிறியா?"

"ஐயோ, எனக்கு முட்டி வலி அண்ணி. உங்க வீட்டு லிப்ட் வேற எப்பவும் ரோசாக்."

"லிப்ட் ரிப்பேர் பண்ணியாச்சு லோகேஸு."

 "சரி, சனிக்கிழம வரேன், அரை நாள்தான்" என்றாள் லோகேஸ்வரி.

போனை வைத்ததும் நல்லமுத்து வாயிலிருந்த கஞ்சியை விழுங்கினார்.

"எப்போ?" என்றார்.

"என்ன எப்போ?"

"என்னை."

தனலெட்சுமி அவர் மோவாயைத் துடைத்துவிட்டாள். அடுத்த வாய்க் கஞ்சியை நீட்டினாள். அவர் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சனிக்கிழமை லோகேஸ்வரி வந்ததும் தனலெட்சுமி பாலம் தாண்டி ஒரு ஹோமைப் பார்க்கப் போகிறாள்.