பழைய சைக்கிளுக்கு ஒரு பல்சக்கரம்

என் அக்கா கணவர் அச்சகத்தில் மிஷின் ஓட்டுகிறவர். அதிர்ந்து பேசாத மனிதர் என்று தெருவில் பெயர். பிடிவாதத்தில் எமகாதகர் என்பது எங்களுக்குத்தான் தெரியும். தலை நரைத்த பிறகும் அவருக்கு அந்தப் பழைய கியர் சைக்கிள்தான். அச்சகத்துக்குப் போகும் வழியில் தண்ணீர்த் தொட்டி மேடு ஒன்று இருக்கிறது. போன வாரம் அதில் ஏறும்போது செயின் நழுவி, ஒரு பஸ்ஸுக்கு முன்னாலேயே விழுந்துவிட்டார். யார் செய்த புண்ணியமோ, முட்டியில் சிராய்ப்போடு போயிற்று.

அக்கா தீர்ப்பே சொல்லிவிட்டாள். "ஞாயித்துக்கிழமைக்குள்ள சரியாகலன்னா, அத எடைக்குப் போட்டுடுவேன்."

அத்தான் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "மச்சான், நாள் பூரா மிஷின் இழுத்த இழுப்புக்கு நான் ஓடுறேன். என் இழுப்புக்கு ஓடுறது இது ஒண்ணுதான்டா. பின்னாடி பல்சக்கரம் தேஞ்சிருக்கும், எப்படியாவது பாகம் தேடிக் குடு."

பாவம் மனுஷன் என்று கிளம்பினேன். உண்மையில் பாவம் யார் என்று முதல் கடையிலேயே தெரிந்துவிட்டது.

"இது மரை வெச்சு முறுக்குற பல்சக்கரம். இப்ப வர்றதெல்லாம் சொருகுறது. வீலையே மாத்தணும்" என்றார் முதல் கடைக்காரர். "யாரு சொன்னா? மரை வெச்சதும் வருது. ஆனா உங்களுது ஆறு அடுக்குச் சக்கரம், வர்றது ஏழு" என்றார் இரண்டாமவர். ஏழையே போட்டால்? செயின் ஒத்துவராதாம். செயினையும் மாற்றினால்? முன்பக்கப் பல் தேய்ந்திருக்கிறதாம், புதுச் செயின் உட்காராதாம். மூன்றாம் கடைக்காரர் பல்லை எண்ணினார், மறுபடி எண்ணினார், டீ குடிக்கப் போனவர் திரும்பவே இல்லை. அடப்பாவிகளா! கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையாக இருக்கிறதே என்று தலையைப் பிய்த்துக்கொண்டேன்.

கடைசியில் சந்துக்குள் ஒரு கண்ணாடிக்கார மெக்கானிக் பழைய சாமான் குவியலைக் கிளறி, அதே மரை, அதே ஆறு சக்கரம், அதற்குத் தோதான செயின் எல்லாம் எடுத்து மாட்டினார். ஓட்டிப் பார்த்தேன். வெண்ணெய் மாதிரி போனது. அத்தானை அங்கேயே வரவழைத்தேன். அவர் ஏறினார், தெருமுனையிலேயே செயின் நழுவியது. மறுபடி நான் ஏறினேன், ஒன்றும் ஆகவில்லை. மறுபடி அவர் ஏறினார், நழுவியது. எனக்குக் கிறுக்குப் பிடிக்காத குறைதான்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்னாளாம்" என்றேன். அத்தான் சிரித்தார்.

மெக்கானிக் அவருக்கு நேராக நின்று சொன்னார். "பழைய கியர் லீவருங்க. புதுசு மாதிரி தானா டிக்குனு நிக்காது. தள்ளிட்டு, செயின் உரசுற சத்தம் அடங்குற வரைக்கும் லேசா நகத்தணும்."

அத்தானுக்கு ரோஷம் வந்துவிட்டது. "எனக்கேவா? இத்தன வருஷமா சத்தத்த வெச்சுத்தானே ஓட்டுறேன்!"

ஞாயிறு காலை அவரை அந்த மேட்டுக்கே கூட்டிப்போனேன். அவர் மிதிக்க, நான் பக்கத்தில் மூச்சிரைக்க ஓடினேன். லீவரைத் தள்ளினார். செயின் 'கிரீச் கிரீச்' என்று பல்லைக் கூசவைத்தது. எதிரே வந்தவர்கூட முகம் சுளித்தார். அத்தான் மட்டும் நிம்மதியாக மிதித்துக்கொண்டிருந்தார்.

ஹேண்டிலைப் பிடித்து நிறுத்தினேன். பின்சக்கரத்தைத் தூக்கி, பெடலைக் கையால் சுற்றினேன். "இந்தச் சத்தந்தான் அத்தான்! இது வந்தா லீவர நகத்த வேண்டாமா?"

அவர் செயினைப் பார்த்தார். குனிந்து காதைக் கிட்டே கொண்டுபோனார். பிறகு நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார்.

"உனக்குக் கேக்குதா?"

தூக்கிய சக்கரத்தை மெல்ல இறக்கி வைத்தேன். வீடு வரைக்கும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வந்தோம். வாசலுக்குக் கொஞ்சம் முன்னால் என் கையைப் பிடித்தார். "சைக்கிள் போனாப் போகட்டும்டா. பாகம் கிடைக்கலன்னே உங்க அக்காகிட்ட சொல்லிடு. காது போயிடுச்சுன்னு தெரிஞ்சா அவ ஒடஞ்சிடுவா."

அத்தான் கீழ்ப்படியில் உட்கார்ந்து செருப்பைக் கழற்ற ஆரம்பித்தார். நான் அவர் எதிரே நின்றேன். அக்கா உள்ளேயிருந்து வந்து அவர் முதுகுக்குப் பின்னால் நின்றாள்.

"சரியாச்சாடா?"

"பாகம் கிடைக்கலக்கா."

"நல்லதாப் போச்சு." அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பின்னாடி வர்ற பஸ்ஸு அவருக்குக் கேக்கலடா. கூப்பிட்டாலே திரும்பறதில்ல, ரொம்ப நாளாச்சு. அத மூஞ்சிக்கு நேரா எப்படிச் சொல்வேன்? அதான் சைக்கிள் மேல பழியப் போட்டேன்."

ஒரு கை தூரத்தில் நின்று, சாதாரணக் குரலில்தான் சொன்னாள். அத்தான் செருப்பை ஓரமாகத் தள்ளிவைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"அவ வர்றதுக்குள்ள யோசிச்சு வெச்சுக்கோ" என்றார் ரகசியமாக. "பாகம் கிடைக்கல, அவ்வளவுதான். சரியா?"