திரையின் பின்பக்கம்

1926 ஜூலை 17, சனிக்கிழமை, மாலை ஆறு நாற்பது, தகரக் கூரையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். அன்றுவரை நானும் இம்மாதிரி விஷயங்களை நம்பியதில்லை, காசுக்குக் கதை விடுகிறார்கள் என்றே நினைப்பேன்.

ரங்கூனில், பசுந்தாங் ஓடைக்கரையில் ஒரு பழைய அரிசிக் கிடங்கில் நானும் காசிமும் கூட்டாக ஊமைப் படம் காட்டி வந்தோம், கணக்கு வழக்கு என் பொறுப்பு. திரைத்துணியை நனைத்துவிட்டால் பின்புறமும் படம் தெரியும்; அங்கே பெண்களுக்குப் பாதி விலையில் பாய் விரித்திருப்போம். அன்றைய பர்மியப் படமோ ஆண்களுக்கு மட்டும், இரட்டைக் கட்டணம். ஒரு பெண் முதுகு தெரியக் குளிக்கும் காட்சி நான்கு நிமிடம் வரும். கூட்டம் வந்ததே அதற்குத்தான்.

முந்தின நாள் அந்தப் பெண்ணே கிடங்கு வாசலுக்கு வந்திருந்தாள். பெயர் மா தின், ஆற்றுக்கு அக்கரையில் டாலாக்காரி, தகப்பன் தமிழர்.

"முகம் தெரியாதுன்னு சொல்லித்தான் எடுத்தாங்க அண்ணே. தெரிஞ்சா எங்க வீட்ல என்னைய ஏத்த மாட்டாங்க. அந்தத் துண்டை வெட்டிருங்க."

"முதுகுல பேரா எழுதியிருக்கு?" என்று காசிம் சிரித்தான்.

எனக்கு அவன்மேல் சந்தேகம், முகம் தெரியும் துண்டை எங்காவது ஒட்டியிருப்பானோ என்று. நூற்றுப் பன்னிரண்டு பேரை எண்ணி உள்ளே விட்டேன். காட்சி தொடங்கியதும், பின்புறம் எவனாவது ஓசியில் உட்கார்ந்திருப்பான் என்று பார்க்கப் போனேன். முப்பத்திரண்டு பாய், ஆளே இல்லை. நிமிர்ந்தால் துணியில் முகம். முதுகல்ல, மா தின்னின் முகம், இமைக்காமல் என்னையே பார்த்தது. முன்பக்கம் ஓடினேன், முதுகு, கூட்டம் விசிலடித்துக்கொண்டிருந்தது. திரும்பப் பின்னால் ஓடினேன், முகம். காசிமை இழுத்து வந்து காட்டினேன்.

"முதுகுதானே தெரியுது கணக்கரே. கண்ணுக்கு மருந்து போடுங்க."

அவன் சொல்லும்போதும் எனக்கு முகம்தான் தெரிந்தது.

படம் முடிந்ததும் அந்தத் துண்டை வெட்டச் சொன்னேன். நட்டத்தை நீங்கள்தான் தர வேண்டும் என்றான், கொடுத்தேன். விளக்கடியில் கட்டம் கட்டமாகப் பிடித்துப் பார்த்தேன், அத்தனையும் முதுகு.

மறுநாள் டாலாவுக்குப் போய் அதைத் துணியில் சுற்றி அவளிடம் கொடுத்தேன். நேற்று முழுக்கக் காய்ச்சல், பாயைவிட்டு எழவில்லை என்றாள் தாயார். அவர் உள்ளே போனதும் மா தின் மெதுவாகக் கேட்டாள்:

"பொம்பளைங்க உக்கார்ற பக்கம் வந்தது நீங்கதானே அண்ணே? மூணு தடவை வந்தீங்க."

நான் யாரிடமும் சொல்லவில்லை. காசிம் ஆற்றைத் தாண்டவில்லை. அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று இன்றும் எனக்கு விளங்கவில்லை.

காசிமுக்கு நூற்று எண்பது ரூபாய், படகுக்கூலி போக வர நான்கணா. மொத்தம் நூற்று எண்பது ரூபாய் நான்கணா.