டபுள்ஸ் படி

திண்டுக்கல் மலைக்கோட்டைக்கு அடியில் ரெண்டு புல்லட் ஷாக்கப்சர் மாட்டியிருந்தால், மலையை லேசாக ஒரு அமுக்கு அமுக்கியே எது ஒரிஜினல், எது டூப்ளிகேட் என்று சொல்லிவிடக்கூடிய ஆள் உலகத்திலேயே ஒருத்தர்தான்: பேகம்பூர் இஷாக் பாய். மற்ற நேரத்தில் அகரத்தில் செருப்புக் கடை வைத்திருக்கிறார்.

அவருடைய புல்லட் எண்பத்தாறு மாடல். கல்யாணமான நாளிலிருந்து அதன் பின்சீட்டு மனைவி ரஃபியாவுக்குத்தான். மகளுக்குப் பிள்ளை பிறந்ததும் ரஃபியா திருப்பூர் போனார். "புள்ள தவழட்டும், வந்துர்றேன்" என்றார். புள்ள தவழ்ந்தது, நடந்தது, இப்போது ஓடுகிறது.

அவர் போன சமயம் பார்த்து மெக்கானிக் ஒருத்தன், ஆயில் கசியுது என்று பின்பக்க ஷாக்கப்சர் ரெண்டையும் கழற்றி எடைக்குப் போட்டுவிட்டுப் புதுசு மாட்டினான். பெருநாளுக்கு வந்த ரஃபியா பாதி வழியில் இறங்கி ஆட்டோ பிடித்தார்.

"பழசு இருந்தா உக்காருவேன். இதுல உக்காந்தா என் இடுப்பை ஆஸ்பத்திரியிலதான் தேடணும்."

விளையாட்டாகச் சொன்னதுதான். பாய் அதை நிஜமாக எடுத்துக்கொண்டார். பழசு கிடைத்தால் ரஃபியா வந்துவிடுவார், அம்புட்டுதான்.

ஊரில் ஒரு காயலான் கடை பாக்கியில்லை. கடைசியில் சகாயராஜ் கடையில் ஒரு குவியலே கிடந்தது.

"எல்லாமே ஒரிஜினல்தான் பாய். இது மட்டும் ஒரிஜினல் டூப்ளிகேட்" என்றார் சகாயராஜ்.

கம்பெனி முத்திரை எல்லாவற்றிலும் இருந்தது. பாய் அதைப் பார்க்கவில்லை. ஸ்பிரிங்குக்குக் கீழே ஒரு வளையம் உண்டு. அதில் படி வெட்டியிருக்கும்; தனியாகப் போனால் கீழ்ப்படி, டபுள்ஸ் போனால் மேல்படி என்று திருகிக்கொள்ளலாம். ஊர்ப்பட்ட ஷாக்கப்சருக்கும் கீழ்ப்படிதான் தேய்ந்திருந்தது. ஒரே ஒரு ஜோடிக்கு மேல்படி பள்ளமாகத் தேய்ந்து, கீழ்ப்படியில் பெயின்ட்கூடப் போகாமல் இருந்தது. பாய் அதைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"கெடச்சிருச்சா பாய்?"

"இதுதான்ப்பா. ஒருநாளும் ஒத்தைக்குத் திருகுனதில்ல."

சீல் மாற்றி, ஆயில் ஊற்றி, தானே மாட்டிவிட்டுத் திருப்பூருக்குப் போன் போட்டார்.

"பழசு கெடச்சிருச்சு. மாட்டிட்டேன்."

"அப்படியா! இப்ப குலுங்கலையே?"

"இல்ல. நீ எப்ப வார?"

"இவனைப் பள்ளிக்கூடத்துல சேக்கணும்ங்க. பாக்கலாம்."

"ம்" என்றார் பாய். போனை வைத்த பிறகும் ஒருதரம் "ம்" என்றார்.

எதிர்வீட்டில் இருந்து வேடிக்கை பார்த்தவன்தான் இதை எழுதுகிறவன், அகரம் தேங்காய் மண்டியில் வேலை. வாய் சும்மா இருக்காமல் கேட்டான்: "ஒத்தையாத்தானே போறீங்க பாய், கீழ்ப்படிக்குத் திருகிட்டா என்ன?"

"வேணாம்டா. அவ வாரப்ப மறுபடி யாரு திருகுறது?"

டபுள்ஸ் படியில் ஒத்தை ஆள் உட்கார்ந்தால் வண்டி விறைத்துக்கொள்ளும். வேகத்தடைக்கு வேகத்தடை பாய் ஒரு சாண் எம்பி விழுந்தார். மறுநாளிலிருந்து எதிர்வீட்டுக்காரனுக்குத் தினமும் பஸ் தவறிப்போக ஆரம்பித்தது. "பஸ் போயிருச்சு பாய்" என்று பின்னால் ஏறி உட்கார்ந்தான். வண்டி பதமாகப் போனது.

ஒருநாள் அகரம் போகும் வழியில் முதுகுக்குப் பின்னால் விடாமல் ஹாரன் சத்தம். பாய் ஓரங்கட்டி நிறுத்தினார். பஸ் காலியாக, சாவகாசமாக அவர்களைத் தாண்டியது. பாய் கண்ணாடி வழியே பின்சீட்டைப் பார்த்தார்.

"போயிருச்சுன்னியே அப்பு. இப்பத்தான் போகுது."