சண்முகையா அண்ணாச்சியின் பூட்டில்லாத நெட்

சண்முகையா அண்ணாச்சியின் இடது கை நாள்காட்டித் தாள் ஒன்றை நீளவாக்கில் மடித்துக்கொண்டிருந்தது. மடித்ததை, அசையாமல் கிடந்த வலது கையின் விரலிடுக்கில் செருகிவிட்டு அடுத்த தாளை எடுத்தார். முப்பத்தோரு வருடம் பஸ் கண்டக்டராக நோட்டுகளை அப்படித்தான் விரலிடுக்கில் வைத்திருந்தார். பக்கவாதம் வந்து எட்டு மாதம் ஆகிறது. வலது பக்கமும் பேச்சும் போய்விட்டன. நான் தாளைப் பிடுங்கவில்லை. விரல்கள் மடங்கி இறுகிப்போகாமல் இருக்க அதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது.

என் பெயர் அன்னக்கிளி. நோயாளிகளைப் பார்த்துக்கொள்ள முறையாகப் பயிற்சி எடுத்தவள். வயது அறுபத்தாறு. அண்ணாச்சியைக் குளிப்பாட்டுவது, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைப்பது, கஞ்சி கொடுப்பது எல்லாம் என் வேலை. பேச்சுப் பயிற்சிக்காரர் தினமும் எண்களைச் சொல்ல வைக்கச் சொன்னார். வார்த்தை வராதவர்களுக்கும் சில சமயம் எண் வருமாம். அண்ணாச்சி என் முன்னால் வாயையே திறக்கமாட்டார். நாலு வீட்டுக்குக் கேட்கப் பேசிய மனிதருக்குக் குழறிய பேச்சு வெட்கம்.

அன்று காலை அவர் மகள் மாலா பெங்களூரிலிருந்து வந்திருந்தாள். வந்ததும் போனைப் பார்த்தவள் முகம் சுளித்தாள்.

"அக்கா, இது யாரு நெட்டு? நம்ம வைஃபை பாக்ஸ் பேரு வேற. இது ஏதோ எழுத்தும் நம்பருமா இருக்கு. பாஸ்வேர்டே கிடையாது."

"பக்கத்து வீட்டுதா இருக்கும்மா."

"பக்கத்து வீட்டுதுக்கு நம்ம வீட்டுக்குள்ள நாலு கோடு காட்டுமா? யாரோ எதையோ கொண்டுவந்து வச்சிருக்காங்க. கேமரா, அப்பாவோட பேங்க் எல்லாம் இந்த வீட்டுலதான இருக்கு. நாளைக்குள்ள என்னன்னு தெரியலைன்னா ஞாயித்துக்கிழமை அப்பாவைக் கூட்டிட்டுப் போயிருதேன். வண்டிக்குச் சொல்லியாச்சு."

அண்ணாச்சியின் கையில் மடிப்பு நின்றது. பெங்களூரில் மாலாவின் வீடு ஒன்பதாம் மாடி. போன தடவை அங்கே இருந்த மூன்று வாரத்தில் நாலு கிலோ இளைத்துத் திரும்பினார். எடை பார்த்தவள் நான்.

போனைக் கையில் பிடித்துக்கொண்டு வீட்டைச் சுற்றினேன். அடுக்களையில் இரண்டு கோடு. மொட்டை மாடியில் ஒன்று. வாசலில் இரண்டு. அண்ணாச்சியின் அறையில் மட்டும் நாலு. அந்த அறையில் இருந்த டிவி, கேமரா, கொசுமருந்து மெஷின் என்று பிளக் உள்ள எல்லாவற்றையும் பிடுங்கினேன். நெட் அப்படியே இருந்தது.

பத்து மணிக்கு மாதாந்திரக் கரண்ட் நிறுத்தம். தெருவே அணைந்தது. எங்கள் பாக்ஸும் பக்கத்து வீட்டு பாக்ஸும் போனிலிருந்து மறைந்தன. அந்த நெட் மட்டும் போகவில்லை.

"அப்போ பேட்டரியில ஓடுத சாமான்மா," என்றேன். மாலா அலமாரிகளைத் திறந்து துணிகளை இழுத்துப் போட்டாள்.

பதினொரு மணிக்கு அண்ணாச்சியைத் திருப்ப வேண்டும். திருப்பும்போது அழுத்தம் பட்ட இடமெல்லாம் தொட்டுப் பார்ப்பது என் வழக்கம். இடது தொடையில் ஒரு இடம் சூடாக இருந்தது. படுக்கைப் புண் தொடங்குவதும் இப்படித்தான். பயந்துபோய் வேட்டியை விலக்கினேன். செவ்வகமாகச் சிவந்திருந்தது. கீழே மெத்தையில் அவர் போன் கிடந்தது, இட்லித் தட்டுபோலக் கொதித்துக்கொண்டு.

திரையைப் பார்த்ததும் புரிந்தது. தன் போன் நெட்டைப் பிறரும் எடுத்துக்கொள்ள ஹாட்ஸ்பாட் போட்டிருக்கிறார். மாலா தேடிய பெயர், அந்தப் போன் வாங்கும்போதே அதில் இருந்த பெயர். பஸ்ஸுக்கு டிக்கெட் மெஷின் புதிதாக வந்தபோது டிப்போவில் எல்லோருக்கும் சொல்லிக் கொடுத்தவர். பாஸ்வேர்டை எடுத்துவிட இடது கட்டைவிரல் ஒன்று போதும் அவருக்கு. வயர் உள்ளதையெல்லாம் சோதித்த நான் மனிதரைச் சோதிக்கவில்லை.

மாலா போனை வாங்கி ஹாட்ஸ்பாட்டை அணைத்தாள். "ஏம்ப்பா? யாரு வேணும்னாலும் இதுல ஏறி என்ன வேணும்னாலும் செய்வான். போலீஸ் உங்க பேரைத்தான் தேடி வரும்."

அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

அந்த நேரம் ஜன்னலுக்கு வெளியிலிருந்து ஒரு குரல். "ஏ அண்ணாச்சி! வண்டி நின்னுட்டே! டீசல் தீந்துட்டா?"

பொன்மணி. எங்கள் வீட்டுச் சுவர் நிழலில் உட்கார்ந்து பூக்கடைக்குப் பிச்சிப்பூ கட்டும் நாலு பெண்களில் ஒருத்தி. மாலா ஜன்னல் கதவை முழுக்கத் திறந்தாள்.

"இது அப்பா போன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாம என்ன? அன்னைக்கு என் நெட்டு காலி. குவைத்துல இருந்து எங்க வீட்டுக்காரவுஹ கூப்பிட்டது பாதியில கட்டாயிட்டுன்னு இங்கன உக்காந்து ஒப்பாரி வச்சேன். உங்க அப்பா ஜன்னல் வழியா போனை ஆட்டிக் காட்டுனாரு. அதுல இருந்து நாங்க ஓசிப் பயணந்தான்."

"டிக்கெட் எடுக்கலைன்னு எங்க அம்மையக் கரிவலம் ஸ்டாப்புக்கு முன்னாலயே இறக்கி விட்டவரு," என்றாள் இன்னொருத்தி. "அந்தப் பாவத்தை இப்போ கழிக்காரு."

எல்லோரும் சிரித்தார்கள். சுவரைப் பார்த்துக் கிடந்த அண்ணாச்சியின் தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று எட்டிப் பார்த்தேன். வாயின் இடது ஓரம் மேலே ஏறியிருந்தது. மாலாவும் பார்த்தாள். சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"பூட்டு போடுறதுதான் சரிம்மா," என்றேன். "நீ சொல்லுத ஆபத்து நிஜம். ஆனா சாவி அவர்கிட்டயே இருக்கட்டும். எட்டு நம்பர் போடு. வேணுங்கிறவங்க ஜன்னல்ல வந்து அவர்கிட்டதான் கேக்கணும். நீயும் சொல்லக் கூடாது, நானும் சொல்ல மாட்டேன்."

"அப்பா எப்படிக்கா சொல்லுவாரு?"

"அவரு பாடு." மாலா பூட்டைப் போட்டு எட்டு எண்ணையும் அப்பாவுக்குக் காட்டினாள்.

மறுநாள் காலை தொடையில் சிவப்பு மங்கியிருந்தது. பழைய தலையணை உறையைக் கிழித்து ஒரு பை தைத்து, கட்டில் கம்பியில் தொங்கவிட்டுப் போனை அதில் வைத்தேன். பிறகு நானும் மாலாவும் கட்டிலை ஜன்னலோரம் நகர்த்தினோம். ஒன்பது மணிக்கு மற்ற மூவரோடு பூக்கூடையுடன் பொன்மணி வந்தாள்.

"பூட்டு போட்டுட்டீராமே. நம்பரைச் சொல்லும், பாப்போம்."

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். நான் கஞ்சி டம்ளரைத் துடைத்துக்கொண்டிருந்தேன். இடது கையில் நாலு விரலைக் காட்டினார்.

"விரல் எல்லாம் செல்லாது அண்ணாச்சி. வாயால சொல்லும்."

நெடுநேரம் ஆயிற்று. சொல்லிக் கொடுக்க எழுந்த மாலாவின் கையைப் பிடித்து உட்கார வைத்தேன்.

"நா... ஆ..." என்றார். பிறகு, "நாவு."

"நாலு! அடுத்து?"

ஐந்தாவது எண்ணில் எச்சில் வழிந்தது. துடைத்துவிட்டேன். ஏழாவதை மூன்று முறை சொல்ல வேண்டியிருந்தது. எட்டும் முடிந்து வெளியே நாலு போனிலும் நெட் வந்தபோது கஞ்சி ஆறிவிட்டது.

நான் அதைச் சூடாக்க அடுக்களைக்குப் போனேன். மாலா வாசலில் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

"ஆமா அண்ணே, ஞாயித்துக்கிழமை வண்டி வேண்டாம். இல்ல, நான் மட்டும் பஸ்ஸுலயே போயிக்கிடுதேன்."