பொட்டலம் அக்காவும் பன்னிரண்டு பாடங்களும்

அலுவலகத்தில் எல்லோரும் அவளைப் பொட்டலம் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். எடிட்டர் வெட்டி ஒட்டி அழகுபார்த்துத் தரும் வீடியோ யானை கனத்துக்கு இருக்கும். அதை அப்படியே இணையதளத்தில் ஏற்றினால் பார்க்கிறவர் போனில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். அந்த யானையைக் கைக்கு அடக்கமாகக் கட்டிக் கொடுப்பதுதான் அக்காவின் வேலை. ஒழுங்காகச் செய்தால் யாருக்கும் தெரியாது. சொதப்பினால் ஊருக்கே தெரியும். பதினோரு வருடமாக யாருக்கும் தெரியாமலே செய்துவந்தாள்.

அவளுக்கென்று ஒரு வழக்கம் உண்டு. மேஜை டிராயரில் கண்ணாடி கீறிய பழைய போன் ஒன்று வைத்திருப்பாள். கட்டி முடித்த எந்த வீடியோவையும் அந்தப் போனில், கீழ்த்தளத்து வண்டி நிறுத்துமிடத்தின் கடைசித் தூணருகே நின்று, முதலிலிருந்து முடிவுவரை பார்ப்பாள். அங்கே சிக்னல் ஒரு கோடு வந்தால் அதிகம். "இங்க ஓடுச்சுன்னா எங்கயும் ஓடும்" என்பாள். எடிட்டர் கிண்டல் செய்வார், வாட்ச்மேன் பரிதாபமாகப் பார்ப்பார். அக்கா எதையும் காதில் போட்டுக்கொள்ள மாட்டாள்.

வீட்டில் அவளுக்கு ஒரு நாத்தனார், கணவரின் தங்கை. பிறவியிலேயே காது கேளாதவள். பேசாத நாத்தனார் என்றால் சண்டை சச்சரவு இருக்காது என்று நினைத்தால் ஏமாந்தீர்கள். சாப்பாட்டில் உப்பு கூடிவிட்டது என்பதை அவள் ஒற்றைப் புருவத்தாலேயே சொல்லிவிடுவாள். நாள் முழுக்க மனது உறுத்தும். அண்ணிக்குச் சைகை மொழி அரைகுறை. அவசரமென்றால் இருவரும் போனில் தட்டிக்கொள்வார்கள்.

நாத்தனார் ஒரு பெரிய கிடங்கில் ஆறு வருடமாகப் பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தாள். அவள் கண்ணெல்லாம் அங்கே சரக்கு தூக்கும் வண்டியின் மேல்தான். அதை ஓட்ட உரிமம் வேண்டும், உரிமத்துக்குத் தேர்வு வேண்டும். அது வருடத்துக்கு ஒரு முறை. பாடங்கள் இதுவரை பேச்சில் மட்டுமே இருந்ததால், ஆறு வருடமும் அவள் விண்ணப்பம்கூடப் போடவில்லை. இந்த வருடம்தான் கிடங்குக்காரர்கள் சேர்ந்து, சைகை மொழியில் பன்னிரண்டு பாடங்கள் எடுக்கச் சொன்னார்கள். வேலை வந்து சேர்ந்த இடம் அக்காவின் அலுவலகம். நாத்தனார் அன்றே விண்ணப்பம் போட்டுவிட்டாள்.

ஒரு நிபந்தனை இருந்தது. பாடங்கள் மலிவு போனிலும் மெதுவான இணைப்பிலும் ஓட வேண்டும், அதனால் ஒவ்வொன்றும் இத்தனை எடைக்கு மேல் போகக்கூடாது. வீடியோ என்பது நொடிக்கு முப்பது படம் மாறி மாறி வருவதுதான். அக்கா அதைப் பதினைந்தாகக் குறைத்தாள். ஒருவர் நின்று பேசும் வீடியோ என்றால் எல்லோரும் செய்கிற காரியம் இது. பிறகு வழக்கம்போலத் தூணருகே போய், காதில் இயர்போன் மாட்டி, பன்னிரண்டையும் பார்த்தாள். எங்கும் நிற்கவில்லை. டீச்சரின் முகம் பளிச். பின்னணிக் குரல் தெளிவு. இசையும் இனிமை. முதலாளி எல்லோர் முன்னாலும் பாராட்டினார். வியாழக்கிழமை பாடங்கள் தளத்தில் ஏறின. தேர்வுக்கு ஒன்பது நாள் இருந்தது.

சனிக்கிழமை காலை நாத்தனார் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்தாள். மூன்றாவது பாடத்தில் பேனாவை வைத்துவிட்டாள். சமையலறையில் இருந்த அக்காவின் போனில் செய்தி வந்தது.

"அண்ணி, டீச்சர் சொல்றதுல பாதிதான் வருது. கை இங்க இருக்கு, அப்புறம் அங்க இருக்கு. நடுவுல என்ன சொன்னாங்க?"

அக்காவுக்குச் சுருக்கென்றது. "நெட் ஸ்லோவா இருக்கும் பாரு" என்று தட்டினாள்.

"நெட் நல்லாத்தான் இருக்கு. விரலைத்தான் காணோம்."

அக்கா அடுப்பை அணைத்துவிட்டு வந்து, சத்தத்தை முழுவதும் நிறுத்திப் பாடத்தை ஓடவிட்டாள். டீச்சர் சும்மா நிற்கும்போது எல்லாம் சரி. கை அசைந்ததும் விரல்கள் இருக்க வேண்டிய இடத்தில் கஞ்சி மாதிரி ஏதோ குழைந்து ஓடியது. காது கேளாதவர்களுக்கான பாடத்தை அவள் காதை வைத்துச் சரிபார்த்திருக்கிறாள்! கண் முகத்தைப் பார்த்திருக்கிறது, காது குரலைக் கேட்டிருக்கிறது, பாடம் இருந்த இடத்தை மட்டும் ஒருவரும் பார்க்கவில்லை. எடிட்டர் பார்க்கவில்லை, முதலாளி பார்க்கவில்லை. ஆனால் பொட்டலம் கட்டியது அவள்தானே?

நாத்தனார் நோட்டை மூடி அலமாரியில் வைத்தாள். அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று கையை வீசிக் காட்டினாள். அந்த வீச்சு மட்டும் அண்ணிக்கு முழுதாகப் புரிந்தது.

திங்கட்கிழமை காலை நேராக முதலாளி அறைக்குப் போனாள்.

"சார், அந்தப் பன்னெண்டு பாடத்தையும் கீழ எறக்கணும். நான் தப்பு பண்ணிட்டேன்."

"என்னம்மா வெளையாடுறீங்களா? ரெண்டாயிரம் பேர் பாத்துட்டாங்க. ஒருத்தர் கொறை சொல்லலையே!"

"கொறை சொல்ல வேண்டியவங்க மூணு நிமிஷத்துலயே மூடிட்டுப் போயிட்டாங்க சார். நீங்களே பாருங்க." தளத்தின் கணக்கைத் திறந்து காட்டினாள். பத்தில் எட்டுப் பேர் பாதியில் எழுந்து போயிருந்தார்கள்.

முதலாளி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார். "கிடங்குக்காரங்க கேட்டா என்ன சொல்றது?"

"என் தப்புன்னு சொல்லுங்க. என்னைக் கூப்பிட்டாலும் அதையே சொல்றேன்."

பாராட்டு வாங்கிய வேலையைத் தானே போய்க் கெட்டுப்போச்சு என்று சொல்ல எத்தனை பேருக்கு மனது வரும்? எனக்கு வராது, மறைப்பானேன்.

படங்களை மறுபடி முப்பதாக்கினாள். எடை இரண்டு மடங்கானது. இனி வேறெங்காவது கை வைக்க வேண்டும். போன படத்துக்கும் இந்தப் படத்துக்கும் இடையில் மாறியதை மட்டும் அனுப்பினால் போதும் என்பதுதான் இந்தத் தொழிலின் சூட்சுமம். ஆக, தேவையில்லாமல் மாறுவது எதுவோ அதுதான் திருடன். திருடர்களைத் தேடினாள். டீச்சருக்குப் பின்னால் ஃபேன் காற்றில் ஒரு திரைச்சீலை ஆடிக்கொண்டே இருந்தது. எடிட்டரைக் கெஞ்சி, அந்த இடத்தை வெறும் சாம்பல் சுவராக்கினாள். படம் முழுக்க மணல் தூவியது போல ஒரு அலங்காரம் இருந்தது.

"அது சினிமா லுக் அக்கா! அதை எடுத்தா உயிரே போயிடும்" என்று எடிட்டர் பதறினார்.

"உன் உயிர் இருக்கட்டும்ப்பா. அவங்களுக்கு விரல் வேணும்."

அலங்காரம் போனது. அடுத்து இசை. அதைப் போட்டவர் முதலாளியின் மச்சான், அதனால் அலுவலகமே அடக்கி வாசித்தது. பின்னணிக் குரலோடு சேர்த்து இசையையும் அக்கா மொத்தமாக எடுத்துவிட்டாள். முதலாளி கேட்டபோது, "கேக்குறவங்க யாரு சார்?" என்றாள்.

இந்தத் தடவை சரிபார்க்க அவள் தன்னை நம்பவில்லை. செவ்வாய்க்கிழமை நாத்தனாரை லீவு போடவைத்துக் கூட்டிவந்தாள். கடைசித் தூணருகே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, அந்தப் பழைய போனில் நாத்தனார் பாடத்தைப் பார்த்தாள். கட்டைவிரல் கீழே. அக்கா மூன்று மாடி ஏறிப்போய்த் திருத்திக்கொண்டு வந்தாள். மறுபடி கீழே. மூன்றாம் தடவை, சுமார்தான் என்று உள்ளங்கையை இப்படியும் அப்படியும் ஆட்டினாள். அன்று லிஃப்ட் வேறு பழுது. அக்காவுக்கு முழங்கால் கழன்றுவிட்டது, முகம் மட்டும் சுளிக்கவில்லை.

புதன்கிழமை மதியம் நாலாவது பாடம் ஓடும்போது நாத்தனார் திடீரென்று வாய்விட்டுச் சிரித்தாள். வாட்ச்மேன் ஓடிவந்தார். அக்கா பதறிப்போய் என்னவென்று கேட்க, அவள் தட்டிக் காட்டினாள்: "டீச்சர் ஜோக்கு சொல்றாங்க! வண்டிக்குப் பின்னாடி பாக்காம ரிவர்ஸ் எடுக்கறவன், மாமியார் வீட்டுக்குச் சொல்லாமப் போற மாப்பிள்ளை மாதிரியாம்." அந்தப் பாடத்தை அக்கா அதுவரை ஒன்பது தடவை பார்த்திருந்தாள். அப்படி ஒரு ஜோக் உள்ளே இருந்ததே அவளுக்குத் தெரியாது.

வியாழக்கிழமை புதிய பாடங்கள் ஏறின. நாத்தனார் இரண்டு நாளில் பன்னிரண்டையும் கரைத்துக் குடித்தாள். சனிக்கிழமை தேர்வு எழுதினாள், வண்டியும் ஓட்டிக் காட்டினாள். முடிவு பத்து நாள் கழித்து வரும் என்றார்கள். அந்தப் பத்து நாளும் அக்கா அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. கேட்கப் பயம்.

பதினோராம் நாள் காலை, ஹெட்போன் மாட்டிக்கொண்டு, வாசலுக்கு முதுகு காட்டி, ஏதோ கல்யாண வீடியோவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். அறையில் விளக்கு அணைந்தது. எரிந்தது. மறுபடி அணைந்தது.

"ஐயோ, கரெண்டு! பாதி வேலைல இருக்குதே!" என்று அலறித் திரும்பினாள்.

கரெண்டெல்லாம் போகவில்லை. சுவிட்சில் கைவைத்தபடி நாத்தனார் நின்றாள். காது கேளாதவர்கள் ஒருவரையொருவர் கூப்பிடுவது அப்படித்தான். மற்றொரு கையில் உரிம அட்டை. அவளுக்குப் பின்னால் அக்கா முன்பின் பார்த்திராத ஐந்து பேர், கிடங்குச் சீருடையில். அவர்கள் கையிலும் ஆளுக்கொரு அட்டை. ஆறு பேரும் கைகளைத் தலைக்கு மேல் தூக்கி, விரல்களை விரித்துப் படபடவென்று ஆட்டினார்கள். அது அவர்களுடைய கைதட்டல். எடிட்டர் எழுந்து பட்டென்று கைதட்டப் போனார். நாத்தனார் அவர் மணிக்கட்டைப் பிடித்து மேலே தூக்கிவிட்டாள்.

அக்காவுக்குக் கண் நிறைந்தது. அங்கே வாய்க்கு வேலை இல்லை. ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, அவளும் இரண்டு கைகளையும் தூக்கினாள்.