கிழிசல் கணக்கு, ஆஸ் கணக்கு

மணலியில் ஓர் உரக் கிடங்கில் மூட்டை எண்ணுபவள் சிலுவையம்மாள். வாயில் ஒரு கணக்கு ஓடும், விரலில் இன்னொன்று. நல்ல மூட்டை தோளேறிப் போனால் உதடு அசையும். கிழிசல் மூட்டை போனால் உதடு சும்மா இருக்கும். இடது கைக் கட்டைவிரல் ஒரு கணு தள்ளி உட்காரும். கிழிசலைத் தைத்து லாரியின் மேலடுக்கில் தனியாகப் போடுவார்கள். இருபத்தொரு வருடமாக இதுதான் வேலை. வீடு ராயபுரம். வயது நாற்பத்தாறு. சீட்டுக்கட்டைக் கையால் தொட்டதில்லை. சர்ச் பூசையில் உட்கார்ந்திருக்கும்போதும் அவள் விரல் மட்டும் தனியாக எதையோ எண்ணிக்கொண்டிருப்பதாகக் கணவன் நெல்சன் சொல்வான்.

அவளைச் சீட்டுக்குள் இழுத்துவிட்டது மழை. அன்று காலை ஒரே ஒரு லாரி ஏற்றித் தார்ப்பாய் போட்டு நிறுத்தியதோடு சரி. லாரி எண்களை மைக்கில் கூப்பிடும் தமீம் கணினியில் எதையோ ஓட்டிக்கொண்டிருந்தான்.

"இன்னாடா அது?"

"பிளாக்ஜாக்குக்கா. சீட்டு. சீட்டு மதிப்பக் கூட்டுனா இருபத்தொண்ணத் தாண்டாம கிட்ட போறவன் ஜெயிச்சான். ஆனா நான் ஆடல. எப்பிடி எண்ணணும்னு சொல்லிட்டா அதுவே ஒரு கோடி ஆட்டம் ஆடும். நாலு நிமிசம். நூறு ஆட்டத்துக்கு எவ்ளோ லாபம்னு கடைசில புள்ளி போட்டுரும்."

"காசு?"

"ஒத்த பைசா கெடியாது. சொம்மா."

அவன் எண்ணும் முறையைச் சொன்னான். ரெண்டிலிருந்து ஆறு வரை சின்னச் சீட்டு வெளியே போனால் ஒன்று கூட்டு. பத்து, ராஜா, ராணி, ஜாக்கி, ஆஸ் போனால் ஒன்று கழி. கணக்கு ஏறி நின்றால் மிச்சக் கட்டில் பெரிசுகள் நிறைய. அப்போது பந்தயத்தை ஏற்று.

"ஆஸுக்கு மதிப்பு எவ்ளோ?"

"ஒண்ணுன்னும் வச்சிக்கலாம், பதினொண்ணுன்னும் வச்சிக்கலாம்."

சிலுவையம்மாளுக்கு முகம் சுருங்கியது. "ரெண்டு பேச்சு பேசுறவன நல்ல மூட்டையோட எப்பிடிடா சேப்ப? அவன் கிழிசலு. ஓரமா எண்ணு."

தமீம் சிரித்தான். "அதுக்கும் இதுல எடம் கீதுக்கா. பக்கக் கணக்குன்னு பேரு. ஆனா வேஸ்ட்டு. ஒரு கணக்கே போதும். நீ மூட்டைக்கு ரெண்டு கணக்கு போடுறியே, அதுவும் வேஸ்ட்டுதான்."

மூட்டை தூக்கும் மண்ணாங்கட்டி பீடியை வாயிலிருந்து எடுத்தான். "தம்பி, இருபத்தொரு வருசத்த ஒரே வார்த்தைல கலீஜ் பண்ணிட்ட."

"பந்தயம்" என்றாள் சிலுவையம்மாள். "என் கணக்கு ஜெயிச்சா ஒரு மாசம் மைக்ல என்னிய வாத்தியாரேன்னுதான் கூப்புடணும்."

"தோத்தா?"

"இனிமே ஒரே கணக்கு. கிழிசல தனியா எண்ண மாட்டேன்."

மழை விட்டு மூட்டை ஏற்றத் தொடங்கும்வரை கெடு என்று மண்ணாங்கட்டி தீர்ப்புச் சொன்னான்.

தமீமின் முறை முதலில் ஓடியது. நூறு ஆட்டத்துக்கு 1.31. அடுத்து அவளுடையது. கழிக்கிற பக்கத்திலிருந்து ஆஸை எடுத்ததும் கணக்கு கூட்டுகிற பக்கம் சாய்ந்தது. சரிக்கட்ட ரெண்டாம் நம்பர் சீட்டையும் எண்ணாமல் விடச் சொன்னாள். ஆஸ் மட்டும் ஓரத்துக் கட்டத்தில் ஏறியது. நாலு நிமிடம் யாரும் டீயைத் தொடவில்லை.

1.12.

"அய்யய்ய, கொறஞ்சி பூட்ச்சே!" தமீம் நாற்காலியோடு ஒரு சுற்று சுற்றினான். "சொல்லல?"

சிலுவையம்மாள் திரையையே பார்த்தாள். சீட்டு கேட்கலாமா, நிற்கலாமா என்கிற இடத்திலெல்லாம் அவள் கணக்கு தமீமுடையதைவிடச் சரியாகத்தான் போயிருந்தது. பந்தயம் ஏற்றும் இடத்தில்தான் ஓட்டை. ஏன்? வெளியே மழை தூறலானது. தார்ப்பாய் லாரி எடைமேடைக்கு நகர்ந்தது.

"அக்கா!" மண்ணாங்கட்டி வாசலிலிருந்து கத்தினான். "மேல நாலு கிழிசல் கீது. அதயும் சேத்தா எடை?"

"பின்ன? கிழிசலுக்கு எடை இல்லியா? எறக்கி வச்சிட்டா எடை போடுவ? மொத்தமா..."

சிலுவையம்மாள் இடுப்புப் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு கணினிப் பக்கம் திரும்பினாள்.

"டேய் தமீமு! மூட்டைய அடுக்குறப்ப பிரி. எடைக்கு சேத்துக்க. ஆட்டம் ஆடசொல்ல ஆஸ் தனி. பந்தயம் வைக்கசொல்ல மிச்ச கட்டுல ஆஸ் எத்தினி இருக்கணும், எத்தினி கீதுன்னு பாரு. கூட இருந்தா கூட்டிக்க, கொறஞ்சா கழிச்சிக்க. அதுக்கு எதுனா கட்டம் இருக்கா?"

இருந்தது. தமீம் அதுவரை அந்தக் கட்டத்தைத் திறந்ததே இல்லை.

நாலு நிமிடம். தூறல் நின்றது. இரண்டாவது லாரி வாசலில் ஹாரன் அடித்தது. மூட்டை தூக்குபவர்கள் கோணியைத் தலையில் போட்டுக்கொண்டு ஜன்னலில் தொங்கினார்கள்.

1.52.

மண்ணாங்கட்டி விட்ட விசில் எண்ணூர் வரைக்கும் கேட்டிருக்கும். யாரோ காலி டிரம்மில் தாளம் போட்டார்கள். சிலுவையம்மாள் ஆடவில்லை என்று பிற்பாடு சத்தியம் செய்தாள். செருப்பு ஒன்று எப்படி எடைமேடைக்குப் போனது என்று மட்டும் அவளால் சொல்ல முடியவில்லை.

மூட்டை ஏற்றுவது தொடங்கியது. அவள் தன் இடத்தில் போய் நின்றாள். உதடு அசைந்தது, கட்டைவிரல் நகர்ந்தது. நூற்று எண்பதைத் தாண்டும்போது மைக் கரகரத்தது.

"வாத்தியாரே... சிலுவ வாத்தியாரே... மூணாவது வண்டி கேட்டாண்ட நிக்கிது, இன்னா பண்ண, வாத்தியாரே?"

அவளுக்குச் சிரிப்பு பீறிட்டது. அடக்கினாள், மூக்கு வழியாக வந்தது. தூணைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அதற்குள் எட்டோ ஒன்பதோ தோள்கள் கடந்து போயின. கட்டைவிரல் எந்தக் கணுவிலும் இல்லை.

"இன்னாக்கா, எவ்ளோ ஆச்சு?" என்றான் மண்ணாங்கட்டி.

"தெரில" என்றாள். இருபத்தொரு வருடத்தில் முதல் தடவை. "எல்லாத்தயும் எறக்கு. முதல்லேந்து."

டிரைவர் தலையில் அடித்துக்கொண்டு கீழே குதித்தான்.