சாட்சிக்குக் கூப்பிடுவார்களோ: பல்லடத்திலிருந்து கோத்தகிரிக்கு ஒரு நாள்

போன மாதம் ஒரு சனிக்கிழமை, எங்கள் தெருவில் குடியிருக்கும் பாஸ்டரம்மாவுக்குத் துணையாகக் கோத்தகிரி போய் வந்தேன். அங்கே ஒரு சின்ன ஆலயத்தில் அறுப்பின் பண்டிகை, பிரசங்கம் அவருடையது. என்னை எதற்குக் கூப்பிட்டார் என்பதுதான் புரியவில்லை.

நான் சர்ச்சுக்குப் போய் மூன்று வருடம் ஆகிறது. அம்மா படுத்த படுக்கையாக இருந்தபோது, பழைய பாஸ்டர் என்னை மேடையேற்றி, அம்மா குணமாகிவிட்டதாகச் சாட்சி சொல்ல வைத்தார். நாலு பேர் முன்னால் வாய் திறக்காத நான் மைக்கில் சொன்னேன். எல்லோரும் கைதட்டினார்கள். பதினெட்டாம் நாள் அம்மா இறந்துபோனார். ஒன்பதாவதோடு பள்ளியும் நின்றது. இப்போது தறிக்குடோனில் நூல் சுற்றுகிறேன்.

இந்தப் பாஸ்டரம்மா வந்து ஒரு வருடம்தான் ஆகிறது. சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வந்து என்னோடு சீரியல் பார்ப்பார், டீ குடிப்பார். ஒரு பைபிள் வசனம்கூடச் சொன்னதில்லை. எனக்குச் சந்தேகமே அதில்தான்.

காலை 5.30-க்குப் பல்லடத்தில் பஸ் ஏறினோம். 36 கிலோமீட்டர், கோவை காந்திபுரத்துக்கு ஏழு மணி. மேட்டுப்பாளையம் போய்ச் சேர எட்டரை. அங்கே என் தூக்குப்போசியில் இருந்த தக்காளிச் சோற்றைச் சாப்பிட்டு முடித்தோம். போசி அம்மாவுடையது.

கோத்தகிரி பஸ் 8.45-க்கு. 33 கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரம். மலை ஏறும் முன் செக்போஸ்டில், நீலகிரியில் பிளாஸ்டிக் கூடாது என்று கவர்களை வாங்கிக்கொண்டார்கள்; வாந்திக்கென்று வைத்திருந்ததும் போனது. பாஸ்டரம்மா முகம் வெளுத்தது.

"ஏனுங்கம்மா, வாந்தி வருமுங்களா?" என்றார் கண்டக்டர். "வந்தாச் சொல்லீருங்க. பஸ்ஸ நான்தான் கழுவோணும்."

"வராதுங்க தம்பி, ஜெபம் பண்ணீட்டுத்தான் வந்தேன்."

மூன்றாவது வளைவில் என் போசியைப் பிடுங்கிக்கொண்டார்.

கோத்தகிரியிலிருந்து ஆலயத்துக்கு ஆட்டோ 120 ரூபாய். உள்ளே பூசணி, கேரட், வாழைத்தார் எல்லாம் படைத்திருந்தார்கள். பிரசங்கம் முடிந்ததும் சபை மூப்பர் மைக்கைப் பிடித்தார். "பல்லடத்துல இருந்து வந்திருக்கிற தங்கச்சி இப்ப சாட்சி சொல்லும்."

ஒரு வருட டீயும் சீரியலும் இதற்குத்தானா என்று பாஸ்டரம்மாவைப் பார்த்தேன். அதற்குள் அவர் எழுந்து மைக்கை வாங்கியிருந்தார்.

"அந்தப் புள்ள எனக்குத் துணைக்கு வந்துச்சுங்க. சாட்சி நான் சொல்றேன். ஜெபம் பண்ணீட்டுத்தான் பஸ் ஏறுனேன், அப்பவும் வாந்தி எடுத்துப்போட்டேன். இந்தப் புள்ள மூஞ்சியச் சுளிக்காமப் போசியப் புடிச்சுது. அவ்வளவுதானுங்க."

ஆலயமே சிரித்தது. யாரும் கைதட்டவில்லை.

திரும்பும்போது கேட்டுவிட்டேன். "என்னைய எதுக்குங்க கூட்டீட்டு வந்தீங்க?"

"சிரிக்கக் கூடாது கண்ணு. எனக்கு வளைவுன்னாப் பயம். உன்ற பக்கத்துல உக்காந்தா தெகிரியமா இருக்குது."

அவ்வளவுதானா என்று இன்னும் எனக்குத் தெரியாது. 2.40 பஸ். முதல் வளைவில் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். ஆண்டவரே, இவங்களுக்கு வாந்தி வராமல் பார்த்துக்கொள்ளும் என்று மனதுக்குள் சொன்னேன். மூன்று வருடத்தில் ஆண்டவரிடம் நான் கேட்ட முதல் காரியம். மேட்டுப்பாளையம் வரும்வரை போசி காலியாகவே இருந்தது. மதியம் பாஸ்டரம்மா சரியாகச் சாப்பிடாததுகூடக் காரணமாக இருக்கலாம்.

நீங்கள் போவதானால் கவரை நம்பாதீர்கள், மூடி உள்ள பாத்திரம் கொண்டுபோங்கள். முன்பக்க சீட்டில் உட்காருங்கள், குலுக்கல் குறைவு. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் நான் உட்கார்ந்தது கடைசி பெஞ்சில், கதவை ஒட்டி. ஆராதனை முடியும்வரை எழுந்து போகவில்லை.